கீமே அருங்காட்சியகத்தில் ஆடவல்லான்

பாரீசு மாநகருக்குச் செல்வோர் லூவரைக் காணத் தவறுவதில்லை. தமிழ் பயில்வோர் காணவேண்டிய மற்றோரிடம் கீமே அருங்காட்சியகமாகும். எமில் கீமே என்னும் தொழிலதிபர் 1879இல் லியோன் நகரில் நிறுவிய இது, 1889இல் பாரீசுக்கு மாற்றப்பட்டது. அங்குள்ள 11ஆம் நூற்றாண்டு நடராசர் செப்புத்திருமேனியின்முன் நின்றபோது, பழகிய வடிவமே நமக்குப் புதிதாகத் தோன்றியது.

பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலிலும் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலிலும் உற்சவமூர்த்திகளைப் பட்டும் மாலையும் சூடிய கோலத்திலேயே நாம் வணங்கி வந்துள்ளோம். உலோகத்தின் வளைவுகளை நாம் கண்டதில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோடின், சென்னை அருங்காட்சியக நடராசரின் ஒளிப்படங்களைக் கண்டு 1913இல் எழுதிய கட்டுரை, அவர் மறைந்தபின் 1921இல் வெளிவந்தது. அவரை ஈர்த்தது உடலின் நெளிவும் ஒளிநிழலுமே. அலங்காரமின்றி நின்றமையாலேயே அவ்வழகு அவருக்குப் புலனாயிற்று எனலாம்.

ஆயினும், அருங்காட்சியகம் ஒன்றை இழந்துள்ளது. இத்தகைய திருமேனிகளின் பீடங்களில் காணப்படும் துளைகளும் வளையங்களும் தண்டு செருகி வீதியுலா எடுத்துச் செல்வதற்கு அமைந்தவை. அசைவே அவற்றின் இயல்பு. தைப்பூசத்தை முன்னிட்டுக் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு வெள்ளிரதம் செல்லும் இரவில் அவ்வியல்பை நாம் காண்கிறோம்.

ஆகவே, சோழர்கலையைப் பாடநூற் படத்தால் மட்டும் கற்பித்தல் பாதிக் கல்வியேயாகும். சிற்பியின் கைத்திறனை அருங்காட்சியகத்திலும், அத்திறனின் நோக்கத்தைத் திருவீதியிலும் மாணவர் காணுமாறு செய்வது நம் கடமையாகும்.