ஓரிக்கு வெல்வெட் சட்டை தைத்தது யார்?

படிப்பது பி.காம்., எழுதப்போவது வரலாறு. உனக்கு ஏன்டா இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: எல்லாம் ஒரு வெல்வெட் சட்டையால் வந்த வினை.

கல்லூரி விழாவில் கடையெழு வள்ளல்கள் நாடகம் போட்டோம். எங்கள் வகுப்பில் கொல்லிமலைக்காரன் ஒருவன் இருக்கிறான். வல்வில் ஓரி வேஷம் அவனுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வாடகைக் கடையில் சிவப்பு வெல்வெட் சட்டை, ஜிகினா ஒட்டிய கிரீடம், அட்டை வில் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 800 ரூபாய். அந்த போட்டோவை ஊரில் தாத்தாவிடம் காட்டியிருக்கிறான். "எந்தக் கூத்துலடா ராசா வேசம்?" என்றாராம். ஓரி என்று சொன்னதும், "இதப் போட்டுக்கிட்டு காட்டுக்குள்ள எப்பிடிப் போனான்?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. எங்கள் இருவருக்கும் தூக்கம் போனது.

வருஷா வருஷம் ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலை செம்மேட்டில் அரசே வல்வில் ஓரி விழா நடத்துகிறது, வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஆனால் அந்த மனுஷன் என்ன உடுத்தினான் என்று யோசித்தவர்கள் எத்தனை பேர்? பதில் புறநானூற்றிலேயே இருக்கிறது. 152-ஆம் பாட்டு, பாடியவர் வன்பரணர். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துப் போவதால் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. நாங்கள் கவனிக்காமல் விட்டது அதற்கு அடுத்த பகுதி. காட்டில் அந்த வேட்டைக்காரனைப் பார்த்த பாணர் கூட்டத்துக்கு ஆள் யாரென்று தெரியவில்லை. மார்பில் ஆரம் தொங்குகிறது, வசதியான ஆள் போலிருக்கிறது, இவன்தான் ஓரியோ, வேறு ஆளோ என்று குழம்புகிறார்கள். தலையில் கிரீடமும் உடம்பில் பட்டும் இருந்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்குமா? ஆரத்தைக் கழற்றிவிட்டால் அவன் வேட்டுவன், அவ்வளவுதான்.

கிரீடமும் பொருந்தாது. அந்தக் காலத்தில் 'முடியுடை வேந்தர்' என்றால் சேர சோழ பாண்டியர் மூவர்தான். ஓரி குறுநில மன்னன். (அவனைப் போரில் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தவன் பெயர் மலையமான் திருமுடிக்காரி. அவனும் குறுநில மன்னன்தான், பெயரில் மட்டும் முடி!)

அப்படியென்றால் வெல்வெட் எங்கிருந்து வந்தது? பார்சி நாடகக் குழுக்களின் பகட்டு கம்பெனி நாடகத்துக்கு வந்தது, ரவிவர்மா படங்களும் காலண்டர்களும் ராஜா என்றால் இப்படித்தான் என்று மனதில் பதித்தன, பிறகு சினிமா. 1973-ல் 'ராஜராஜ சோழன்' சினிமாஸ்கோப்பில் வந்தபோது அந்த உருவம் கெட்டியாகிவிட்டது. வாடகைக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கினோம். வெளிநாட்டில் இது பெரிய பொழுதுபோக்கு. அவர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது: 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துக் கப்பலை 1982-ல் தூக்கினார்கள், அதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அளந்து அப்படியே செய்யலாம். நம் ஊர் மண்ணில் மரமும் துணியும் மக்கிவிடும். கொடுமணல் அகழாய்வில் இரும்பு அம்பு முனை கிடைத்தது, வில் கிடைக்கவில்லை. உருவம் வேண்டுமென்றால் செங்கம் பக்கத்து நடுகற்களைத்தான் பார்க்க வேண்டும். ஓரிக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவை, ஆனாலும் வில்லும் கையுமாக நிற்கும் அந்த வீரர்களுக்கு மேலே சட்டை கிடையாது, இடுப்பில் இறுக்கிய துணி, தலையில் கொண்டை.

ஆடை சுலபமாக முடிந்தது. சாயம் போடாத கதர்த் துணி இரண்டரை மீட்டர், 450 ரூபாய். பாசிமணி மாலை 120. வில்தான் உயிரை வாங்கியது. தாத்தா வீட்டுக் கொல்லையில் மூங்கில் வெட்டி, காயவைத்து, பிளந்து, பளபளவென்று இருக்கட்டுமே என்று வெளிப்பக்கத்துத் தோலை நான்தான் சீவினேன். முதல் இழுப்பிலேயே சடாரென்று முறிந்து நண்பன் கன்னத்தைக் கிழித்துவிட்டது. மூங்கிலுக்கு வலு முழுக்க அந்த வெளித்தோலில் இருக்கிறது. வளையும்போது இழுபடும் பக்கம் அதுதான். சீவ வேண்டியது உள்பக்கத்தை. தாத்தா ஒன்றும் திட்டவில்லை. கத்தியை வாங்கி உட்கார்ந்துவிட்டார். (ஓரியைப் பாடிய இன்னொரு புலவர் பெயர் கழைதின் யானையார். கழை என்றால் மூங்கில். யானைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.)

நாணுக்கு மருள் நார். சங்கப் பாட்டில் மரல் என்று வரும் அதே செடி. ஆங்கிலப் பெயரே வில்நாண் நார் என்றுதான் அர்த்தம். இலையை நசுக்கி, சுரண்டி, நாரை எடுத்துத் தொடையில் வைத்துத் திரிக்க வேண்டும். இரண்டு நாள் வேலை, உள்ளங்கை முழுக்க அரிப்பு.

காஸ்ட் ஷீட்: செலவு 570 ரூபாய், வாடகையைவிட 230 குறைவு. மூன்று வாரம் மூன்று பேர் பார்த்த வேலைக்குக் கூலி சேர்த்தால் படு நஷ்டம், அதை இங்கே காட்டப் போவதில்லை.

இரண்டாவது வில்லில் அம்பு முப்பதடி போய் ஒரு பலாமரத்தில் குத்தி நின்றது. யானை, புலி எதுவும் நடுவில் வரவில்லை. கழல் மட்டும் இன்னும் பாக்கி. அதற்கு உலோக வேலை தெரிந்த ஆள் வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.