தனித்தனி வழக்குகளும் வெண்மணியும்: துப்பறியும் கதையாடல் குறித்து

துப்பறியும் கதைக்கு எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் உண்டு. குற்றத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான எல்லாமே கதைக்குள்ளேயே கிடக்கும். கடைசியில் ஓர் ஆள் சிக்குவான், கோப்பு மூடப்படும். அடுத்த கதை, அடுத்த வழக்கு. ஜப்பானில் 2001இல் வெளிவந்து 'ஏஸ் அட்டார்னி' என்று உலகம் அறிந்த வீடியோ விளையாட்டும் இந்த ஒப்பந்தப்படிதான் நடக்கிறது. ஆடுபவர் வக்கீல். தடயம் பொறுக்கணும், சாட்சியின் பொய்யைப் பிடிக்கணும், ஒன்றை முடித்தால்தான் அடுத்த வழக்கு திறக்கும். பொழுதுபோக்குதானே என்று ஒதுக்கிவிட முடியாது. நீதி என்றால் என்ன என்று கற்றுக்கொடுக்கிற வடிவம் இது.

தமிழுக்கு இது புதுசு இல்லை. பண்டித நடேச சாஸ்திரி 1894இல் 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனைப் படைத்தார். 1908இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வழியே துப்பறியும் கோவிந்தன் வந்தார். பிறகு மன்னார்குடிக்குப் பக்கத்து வடுவூரிலிருந்து துரைசாமி அய்யங்கார் (1880-1942). அவருடைய 'கும்பகோணம் வக்கீல்' 1950இல் 'திகம்பர சாமியார்' என்று சினிமாவானது. துப்பறியும் சாமியாராக எம். என். நம்பியார் நடித்தார். இதில் கவனிக்க வேண்டியது, வில்லன் யார் என்பதுதான். ஊரே மதிக்கிற வக்கீல் சட்டநாதம் பிள்ளை. நிலத்தகராறும் வியாஜ்யமும் மலிந்த டெல்டாவின் வாசகனுக்கு, சட்டம் தெரிந்தவனே குற்றவாளி என்பது அதிசயமாகப் பட்டிருக்காது.

ஆனால் அந்தக் கதையாடலின் மையத்தில் சேரி கிடையாது. பண்ணையாளுக்குக் கொடுத்த சவுக்கடியும் சாணிப்பாலும் துப்பறிய வேண்டிய மர்மமே அல்ல. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க நடந்தவை அவை. யாரு செஞ்சது என்று கேட்க என்ன இருக்கிறது? அவற்றைக் குற்றம் என்று பெயரிட வைத்தது துப்பறிவாளன் அல்ல, பி. சீனிவாசராவ் முதலான தோழர்கள் கட்டிய விவசாயிகள் சங்கம். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் அந்தத் தண்டனைகளைத் தடை செய்தது.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பின்னணியில் இருந்தவை கூலி நெல்லும் செங்கொடியும். அதே நாளில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவரும் கொல்லப்பட்டார். அது தனி வழக்கு; தண்டனை பெற்றவர்கள் தொழிலாளர்கள். தீ வைத்தது வேறு வழக்கு. நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் 1970இல் மிராசுதார்கள் சிலருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய நிலக்காரர்கள், ஆட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைப்பார்களா என்று சந்தேகப்பட்டது. பெரிய மனுஷன் தன் கையாலேயே குற்றம் செய்வான் என்று வடுவூராரின் வெகுஜன நாவல் நம்பியது. உயர்நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை.

இலக்கியமும் தப்பவில்லை. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (1975) நிலப்பிரபுவின் ஆண்மைக் குறைவில் போய்க் காரணம் தேடியது. 1977இல் அதற்கு சாகித்ய அகாதெமி பரிசும் கிடைத்தது. அங்கே தேடப்பட்டது தனிமனித 'நோக்கம்'. நோக்கம் கிடைத்தால் போதும். நிலவுடைமையையும் சாதியையும் விசாரணைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

இத்தனைக்கும், 'ஏஸ் அட்டார்னி'யின் முதல் பாகத்து இறுதி வழக்கே 15 ஆண்டுக்கு முந்தைய கொலை ஒன்றைத் தோண்டாமல் முடிவதில்லை. தனி வழக்கு என்று ஒன்று இல்லை என்பது அந்த வடிவத்துக்கே உள்ளூரத் தெரியும்போலிருக்கிறது. 1944இன் சவுக்கையும் 1968இன் தீயையும் 1973இன் தீர்ப்பையும் ஒரே கோப்பில் வைத்து வாசிப்பதுதான் நம் முன்னுள்ள வேலை. யார் செய்தது என்பது ஊருக்கே தெரியும். கோப்புகளைப் பிரித்தது யார், பிரித்ததால் யாருக்கு லாபம் என்பதுதான் இனி துப்பறிய வேண்டியது.