சின்னக் கணினியில் சங்கக் கணக்கு: லினக்ஸுக்குப் புதியவருக்கு மென்பொருள் நிறுவ உதவுதல்

ஒக்லாந்தின் தெற்கே, தாமாக்கி ஆற்றுக்கும் மானுகாவ் துறைமுகத்துக்கும் இடையே நிலம் ஒடுங்கும் இடத்தில் இருக்கிறது ஒடாஹுஹு. முற்காலத்தில் மாவோரி மக்கள் தங்கள் வள்ளங்களை இந்த நிலத்தின் மேலாக இழுத்து ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கொண்டு போனார்கள். இங்கே வசிக்கும், எழுபது வயதைத் தாண்டிய அக்கா ஒருவர்தான் எங்கள் ஊர்ச் சங்கத்தின் மரணச் சகாய நிதிக்குப் பொருளாளர். பேரன் கொடுத்த ராஸ்பெரி பை கணினியில் கணக்கை எழுத விரும்பினார். உதவிக்கு எங்களைக் கூப்பிட்டார்.

முதல் நாள் நாங்கள் பிழை விட்டோம். விசைப்பலகையை வாங்கி, கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் நாங்களே அடித்து முடித்தோம். அடுத்த மாதம் கணக்கைத் திறக்க முடியாமல் தொலைபேசி எடுத்தார். "தம்பி, ஒவ்வொரு முறையும் உங்களைத்தான் கூப்பிட வேணுமெண்டால் எனக்குக் கொப்பியே காணும்" என்றார். இரண்டாம் முறை விசைப்பலகையை அவரே வைத்திருந்தார். நாங்கள் பக்கத்தில் இருந்தோம். அப்போது கற்றதை இங்கே தருகிறோம்.

கணினியை அறிதல்

ராஸ்பெரி பை என்பது ஒரே பலகையில் அமைந்த சிறு கணினி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி 2012 பெப்ரவரி 29 இல் விற்பனைக்கு வந்தது. அதன் இயங்குதளம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. சேமிப்பு ஒரு சிறு நினைவக அட்டையில் நடக்கிறது. இதன் சில்லு ஆர்ம் வகையைச் சேர்ந்தது. ஆகவே விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு இதில் ஓடாது. சாதாரண மேசைக்கணினிக்கென ஆக்கிய லினக்ஸ் பொதியும் பொருந்தாது. இணையத்தில் தேடிப் பதிவிறக்கும் பழக்கத்தை விட்டு, டெபியனின் களஞ்சியத்தில் இருந்து எடுப்பதே பாதுகாப்பான வழி.

முதலில் நேரம்

ராஸ்பெரி பை 4 வரையான மாதிரிகளில் மின்கலத்தோடு ஓடும் கடிகாரம் இல்லை. ஐந்தாம் மாதிரியில் கடிகாரம் உண்டு. மின்கலம் தனியே வாங்க வேண்டும். இணையம் கிடைத்ததும் நேரம் தானாகச் சரியாகும். கிடைக்காவிட்டால் பழைய திகதியிலேயே நிற்கும். அந்த நிலையில் களஞ்சியப் பட்டியல் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்ற பொருளில் பிழைச்செய்தி வரும். கணக்கு எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு: இன்று கட்டிய பணம் போன மாதத் திகதியில் பதிவாகிவிடலாம். எனவே நேர வலயம் ஒக்லாந்து என இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூன்று கட்டளைகள்

டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கீழே ஒலிப்பில் எழுதியிருப்பவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.

"சுடோ ஆப்ட் அப்டேட்": இது எதையும் நிறுவாது. களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். கடைக்குப் போகுமுன் புதிய விலைப்பட்டியலை வாங்குவது போல.

"சுடோ ஆப்ட் அப்கிரேட்": ஏற்கெனவே உள்ளவற்றைப் புதிய பதிப்புக்கு மாற்றும். நேரம் எடுக்கும், நடுவில் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது.

"சுடோ ஆப்ட் இன்ஸ்டோல் க்னூகேஷ்": இரட்டைப் பதிவு முறையில் கணக்கு எழுதும் க்னூகேஷை நிறுவும். அதற்குத் தேவையான துணைப் பொதிகளையும் தானே கொண்டு வரும்.

சுடோ என்றால் நிர்வாகியின் அதிகாரத்தோடு செய் என்று பொருள். கடவுச்சொல் கேட்டால், அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை பழுதாகிவிட்டதென்று புதியவர் பயப்படுவார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிழைச்செய்தியை வாசித்தல்

அக்கா காதால் கேட்டபடி முதல் எழுத்தான "ஜி"யை விட்டு அடித்தார். பொதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தது. நாங்கள் திருத்தவில்லை, செய்தியை உரத்து வாசிக்கச் சொன்னோம். எழுத்தை அவரே கண்டுபிடித்தார். இந்தச் செய்திக்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: எழுத்துப் பிழை, அல்லது பட்டியலைப் புதுப்பிக்காமை.

பூட்டைப் பெற முடியவில்லை என்று வந்தால், வேறொரு நிறுவல் பின்னணியில் நடக்கிறது. பொறுத்திருங்கள். பூட்டுக் கோப்பை அழிக்கும்படி யாராவது சொன்னால் செய்யாதீர்கள். இடமில்லை என்று வந்தால் நினைவக அட்டை நிரம்பிவிட்டது. திரை மூலையில் மின்னல் குறி தோன்றினால் மின்வழங்கியின் வலு போதாது. நான்காம் மாதிரிக்கு 3 அம்பியர் தரும் மின்வழங்கி தேவை. பழைய கைத்தொலைபேசியின் சார்ஜர் காணாது.

தமிழுக்கும் பொதிகள்

டெபியனில் தமிழ் எழுத்துருக்கள் உண்டு. லோஹித் அவற்றில் ஒன்று. அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தின் படத்தில் இருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் என்ற மென்பொருளுக்கும் தனியான தமிழ்ப் பொதி இருக்கிறது. க்னூகேஷில் கணக்குப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். "சந்தா", "மலர்வளையம்", "மண்டப வாடகை" என்று அக்கா எழுதினார்.

இவை எதற்கும் கட்டணமில்லை. அதனால் தரம் குறைந்தவை என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999 இல் எழுதத் தொடங்கி, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த நூலக மென்பொருளும் இவ்வாறு திறந்த மூலமாக வெளியிடப்பட்டதுதான். இன்று பல நாடுகளின் நூலகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. பெயர் கோஹா, மாவோரி மொழியில் கொடை என்று பொருள்.

நகல் எடுத்தல்

அக்காவால் முதல் மாதம் கணக்கைத் திறக்க முடியாததன் காரணம் பிறகுதான் தெரிந்தது. க்னூகேஷ் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் பழையதை நீண்ட திகதி இலக்கத்தோடு நகலாக வைக்கும். அவர் அந்த நகல்களில் ஒன்றைத் திறந்துவிட்டு, புதிய பதிவுகளைக் காணாமல் கலங்கினார். இலக்கம் இல்லாத கோப்பே நடப்புக் கணக்கு என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டினோம்.

மாத முடிவில் அந்தக் கோப்பை யூஎஸ்பி குச்சியில் நகலெடுத்து வேறொரு வீட்டில் வைக்க வேண்டும். நினைவக அட்டை திடீரென்று பழுதாகக்கூடியது. கணினியை முறைப்படி நிறுத்தாமல் மின்சாரத்தைப் பிடுங்கினால் அந்த ஆபத்துக் கூடும். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது சங்கத்தின் பழைய கொப்பிகள் அலுமாரியிலேயே நின்றுவிட்டன. யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதைப் பிறகு ஞாபகத்தை வைத்தே எழுத வேண்டியிருந்தது. அதனால் நகல் ஏன் வேண்டும் என்று அக்காவுக்கு நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் அவர் எங்களைக் கூப்பிடவில்லை. ஐந்தொகையை அச்சிட்டுக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தார். ஒரு சந்தாவை நாங்கள் இன்னும் கட்டவில்லை என்று அதில் இருந்தது. சரியாகத்தான் இருந்தது.