பச்சை உடம்புக்காரிக்குத் துணை: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் தாய்ப்பால் ஆதரவின் வரலாறு

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவதைச் சீர்வரிசையோடு சேர்ந்த சடங்காக மட்டும் கருதுவோர், பாலூட்டக் கற்பிக்கும் ஏற்பாடொன்று அதனுள்ளே அமைந்திருந்ததைக் கவனிப்பதில்லை. பச்சை உடம்புக்காரியைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, சிசுவின் தலையை முழங்கை மடிப்பில் ஏந்தச் சொல்லி, காம்போடு அதைச் சூழ்ந்த கருவட்டமும் குழந்தையின் வாய்க்குள் செல்லும்படி பிடித்துக் காட்டுவதும், பால் கட்டிக்கொண்டால் வெந்நீர் ஒற்றடம் கொடுத்துப் பீய்ச்சிவிடுவதும் மருத்துவச்சிக்கும் வீட்டு மூத்த ஸ்திரீகளுக்கும் உரிய பணிகளாயிருந்தன. கடலோரத்தில், பால்சுறாவை வேகவைத்துத் தோலுரித்து, உதிர்த்துப் பிழிந்து, மஞ்சளும் பூண்டும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கிளறிய புட்டு இந்நாட்களின் விசேஷ உணவாகும். ஆயினும் பழமை முழுவதும் போற்றத்தக்கதன்று. நோயெதிர்ப்புச் சக்தி நிறைந்த சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டுவைத்த வழக்கம் சிசுக்களுக்குப் பெருந்தீங்கு இழைத்தது.

பிரசவம் ஆஸ்பத்திரிக்கு இடம்பெயர்ந்ததும் இவ்வேற்பாடு தளர்ந்தது. அண்ணாமலைநகரில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தோன்றியது போன்ற வளர்ச்சிகளால் எத்தனையோ தாய்மாரின் உயிர் காக்கப்பட்டது உண்மையே. ஆனால் அருகிலிருந்து கைப்பிடித்துக் கற்பிப்பவள் மட்டும் பிரசவ வார்டில் இடம்பெறவில்லை. “பால் பத்தவில்லை” என்னும் அச்சமும், அதைப் பயன்படுத்திக்கொண்ட பால்பவுடர் வியாபாரமும் அந்த இடைவெளியில் வளர்ந்தன. அவ்வச்சத்துக்குப் பெரும்பாலும் ஆதாரமில்லை என்பதைக் குன்னூரில் அந்நாளில் இயங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தில் சேலத்துக்காரரான டாக்டர் சி. கோபாலன் 1950களில் வறிய தாய்மாரிடையே செய்த ஆராய்ச்சிகள் உணர்த்தின.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஏழு தாய்மார் கூடி 1956இல் லா லேச்சே லீக் என்னும் ஸ்தாபனத்தை அமைத்து, பாலூட்டியவளே பாலூட்டப்போகிறவளுக்குத் துணையாக வேண்டும் என்ற கொள்கையைப் பரப்பினர். அக்கொள்கைக்கு அவர்கள் நாட்டில் புதுமை இருந்திருக்கலாம். நம்மவர்க்கோ அது மறந்துபோன வீட்டு வழக்கமேயாகும். உலக வங்கியின் உதவியோடு 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், கிராமப் பணியாளரைத் தேர்கையில், அவ்வூரிலேயே வறுமையிலிருந்தும் தன் குழந்தையை ஆரோக்கியமாக வளர்த்திருந்த தாய்க்கு முன்னுரிமை அளித்தது. இதனினும் நுட்பமான தேர்வுமுறையை இத்துறையில் நான் கண்டதில்லை. பட்டத்தைவிட அனுபவத்தை நம்பிய அரசாங்கத் திட்டங்கள் அரியவை.

1991ஆம் ஆண்டு நம் ஆய்வுக்கு மிக முக்கியமானது. அவ்வாண்டில்தான் உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் குழந்தை நேய மருத்துவமனை இயக்கத்தைத் தொடங்கின. அதற்கு அடிப்படையான பத்து நெறிகளுள் பத்தாவது, வீடு திரும்பும் தாய்மாரை ஆதரவுக் குழுக்களோடு இணைப்பதாகும். சேவாகிராமம் அமைந்த வார்தாவில் இந்தியத் தாய்ப்பால் வளர்ச்சி வலையமைப்பும் அவ்வாண்டு டிசம்பரில் பிறந்தது. தர்மபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தின் சுய உதவிக் குழுக்கள், கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டத்துக்கு 1991-92இல் வந்துசேர்ந்தன. ஆகவே ஆஸ்பத்திரி தேடவேண்டிய குழு, தெருமுனையிலேயே அதே காலத்தில் உருவாகிக்கொண்டிருந்தது; கடனும் சேமிப்பும் பேசிய அக்குழுக்களிடம் பாலூட்டுதலையும் ஒப்படைக்கும் எண்ணம் அப்போது மேலோங்காதது பெரும் நஷ்டமாகும்.

அடுத்த ஆண்டே பால்பவுடர் விளம்பரத்தைத் தடுக்கும் மத்தியச் சட்டம் நிறைவேறியது. அநாதைச் சிசு இல்லங்களுக்கன்றி அப்பண்டத்தை இலவசமாக வழங்குவதையும் அது தடுத்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடலூர்க் கரையைச் சுனாமி தாக்கியதை நினைப்போர் இதன் அவசியத்தை எளிதில் உணர்வர்: சுத்தமான தண்ணீர் கிட்டாத முகாமில் புட்டிப்பால் வயிற்றுப்போக்கையே தரும், அங்கே கலங்கிய தாய்க்குத் தேவைப்படுவது மார்பில் குழந்தையைச் சேர்த்துவைக்கும் ஒரு மூத்தவளின் கை.

2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன; இடம் கிடைத்தது, துணை கிடைக்கவில்லை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நிகழ்ந்தும், ஒரு மணி நேரத்துக்குள் பால் பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 60 விழுக்காடே. அறுவைப் பிரசவத்தின் பெருக்கம் இதற்கு ஒரு காரணமென்பது என் அபிப்பிராயம். வலியோடு படுத்திருப்பவளைப் பக்கவாட்டில் திருப்பிக் குழந்தையை அணைத்துவைக்க ஒருவர் வேண்டும்.

கடலூர் தலைமை மருத்துவமனையும் சிதம்பரம் மருத்துவமனைகளும், தாயை வீட்டுக்கு அனுப்பும் நாளில், அவள் தெருவிலேயே ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து வளர்த்த மற்றொரு தாயை அங்கன்வாடி வழியாகக் கண்டு அவளிடம் ஒப்படைக்கும் வழக்கத்தைத் தொடங்க வேண்டும்.