லாஹிஜ்: ஒரு மலைக்கிராமத்தின் மொழியும் குடித்தொகையும்

அசர்பைஜானில், பெருங் கோக்கசஸ் மலைத்தொடரின் தென்சரிவில், கிர்திமான் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது லாஹிஜ் என்னும் கிராமம். அங்கு வாழ்வோர் ஏறத்தாழ ஆயிரம் பேரே. சுற்றுப்புறமெங்கும் துருக்கியக் குடும்பத்து அசர்பைஜானிய மொழி வழங்க, இக்கிராமத்தார் வீடுகளிலே பாரசீகத்துக்கு மிக நெருங்கிய தாத்து மொழி நிலைபெற்றுள்ளது. அதனைத் தனிமொழி எனக் கொள்ளாது கோக்கசஸ் பாரசீகம் என்றே கூறும் அறிஞரும் உளர். 'தாத்து' என்பதும் அம்மக்கள் தாமே சூட்டிக்கொண்ட பெயரன்று. நிலையாகக் குடியிருந்த ஈரானிய மக்களைத் துருக்கியர் அழைத்த பெயராகும்.

இவர்கள் ஈரானின் கீலான் பகுதியிலுள்ள லாஹிஜான் நகரிலிருந்து வந்தோர் என்பது ஊர்வழக்கு. பெயரொற்றுமை இதற்குத் துணைநிற்பினும் மொழிச்சான்று துணைநிற்கவில்லை. கீலானில் வழங்கும் கீலக்கி மொழி வடமேல் ஈரானியப் பிரிவைச் சார்ந்தது. தாத்து மொழியோ பாரசீகத்தைப் போன்று தென்மேல் பிரிவைச் சார்ந்தது. சாசானிய மன்னர்கள், குறிப்பாக முதலாம் குஸ்ரோ (531-579), வடபுலத்து நாடோடிகளைத் தடுக்கும்பொருட்டுத் தெர்பெந்தில் அரண் வலுப்படுத்தியதோடு, எல்லைப்புறங்களில் ஈரானியக் குடிகளையும் அமர்த்தினர். தாத்து மொழியின் வரவை அக்குடியேற்றங்களுடன் தொடர்புபடுத்துவதே பொருத்தமாகும். பழங்காவிய மன்னன் கைகுஸ்ரோவின் கல்லறை இவ்வூரிலேயே உள்ளது என்னும் கதையை வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை.

மொழி வந்தது எவ்வாறு என்பதைவிட, அது எஞ்சியது எவ்வாறு என்பதே சிந்தனைக்குரியது. பயிர்நிலம் அருகிய இம்மலையூர் செப்புத் தொழிலால் வாழ்ந்தது. குடம், கிண்ணம், தட்டு முதலியன இங்கு அடிக்கப்பட்டு, செதுக்கப்பட்டு, கோக்கசஸ், ஈரான் ஆகிய நாடுகளின் சந்தைகளுக்குச் சென்றன. தொழில் தந்தையிடமிருந்து மகனுக்குப் பட்டறையிலேயே கைமாறியது. விற்பதற்குச் சந்தை மொழி வேண்டியிருந்தது. ஆக்குவதற்கு வீட்டு மொழியே போதுமாயிருந்தது. செங்குத்தான பள்ளத்தாக்கினூடு செல்லும் கடினமான பாதையும் ஊரைப் பிரித்து வைத்தது. ஆகவே, மொழியின் நிலைபேற்றுக்குப் பழம்பெருமையைக் காட்டிலும் பட்டறையே அடிப்படையாயிற்று எனலாம். ஆலைப்பொருள்கள் மலிந்தபின் பட்டறைகள் அருகின. இளைஞர் வேலைதேடிச் சமவெளிக்கும் பாக்குவுக்கும் இறங்கினர். இறங்கியோரின் பிள்ளைகள் அசர்பைஜானிய மொழியிலே கற்றனர்.

இந்நிலையில் குடிசன மதிப்பீட்டு எண்களை அப்படியே நம்புதல் தகாது. அசர்பைஜானில் தாத்து இனத்தவராகப் பதியப்பட்டோர் 1926இல் ஏறத்தாழ 28,000 பேர்; 1989இல் ஏறத்தாழ 10,000 பேர்; 2009இலோ ஏறத்தாழ 25,000 பேர். இருபதாண்டுகளில் இருமடங்குக்கும் மேலான பெருக்கத்தைப் பிறப்பு வீதத்தால் விளக்கவியலாது. மாறியது மக்களின் விடையே. சமயத்தாலும் மணவுறவாலும் அயலாருடன் ஒன்றிய ஒருவர், தம்மை அசர்பைஜானியர் எனப் பதிந்துவிட்டு, வீடு திரும்பித் தாயுடன் தாத்து மொழியிலே உரையாடுதல் கூடும். அவரைக் கணக்கு மொழியற்றவராக்கிவிடுகிறது. மறுதலையாக, பின்னாளில் தாத்து எனப் பதிந்தவர் அனைவரும் அம்மொழியைப் பேசுவோர் என்பதற்கும் உறுதியில்லை.

2010இல் யுனெஸ்கோ வெளியிட்ட அழியும் மொழிகளின் நிலப்படத் தொகுப்பில் தாத்து மொழி கடும் ஆபத்துக்குட்பட்டதாகக் குறிக்கப்பட்டது. 2015இல் அதே நிறுவனம் லாஹிஜ் செப்புத் தொழிலை மனிதகுலத்தின் கலாசார மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.