பாக்கெட் நேரமுத்திரை: எங்கே விழுகிறது, எவ்வளவு பிசகுகிறது

நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து காட்டும் வயர்ஷார்க்கில் ஒரு பாக்கெட்டின் விவரத்தை விரித்தால், அது வந்த நேரம் நொடியின் ஒன்பதாவது தசம இலக்கம் வரை தெரியும். பல பதிவுகளில் கடைசி மூன்று இலக்கங்கள் சுழிதான். பீகேப் கோப்பின் வழக்கமான வடிவம் மைக்ரோ நொடியோடு நின்றுவிடுகிறது. மீதி ஆறு இலக்கங்களை அப்படியே நம்பித் தாமதமும் இடைவெளியும் கணக்கிடும் ஆய்வுகளுக்குக் குறைவில்லை. அந்த ஆறு இலக்கங்கள் குறிப்பது இயங்குதளத்தின் மையமான கர்னல் கடிகாரத்தைப் பார்த்த கணம். கேபிளில் பாக்கெட் வந்த கணம் வேறு. இரண்டுக்கும் இடையிலான பிழை ஒரே பக்கம் சாய்வது. சராசரி எடுத்தால் போகாது. இதுவே என் வாதம்.

வயர்ஷார்க்கோ டிசிபிடம்ப்போ தானாக நேரம் குறிப்பதில்லை. லிப்பீகேப் நூலகம் வழியாகக் கர்னல் தருவதை வாங்கிக் காட்டுகின்றன. லினக்ஸில் பிரேம் முழுவதும் நெட்வொர்க் கார்டுக்கு வந்து, நினைவகத்துக்குப் போய், இன்டரப்ட் எழுந்து, கர்னல் அதைக் கையில் எடுக்கும்போதுதான் முத்திரை விழுகிறது. செயலியின் சுமையைக் குறைக்க, கார்டு பிரேமுக்கு ஒரு இன்டரப்ட் எழுப்பாமல் கொஞ்சம் காத்திருந்து மொத்தமாக எழுப்பும்.

இதன் தடயம் பதிவுக்குள்ளேயே கிடைக்கிறது. 1 ஜிகாபிட் ஈதர்நெட்டில் 1518 பைட் பிரேம் ஒன்று, முன்னால் வரும் 8 பைட்டும் பின்னால் விடவேண்டிய 12 பைட் இடைவெளியும் சேர்ந்து, 12.304 மைக்ரோ நொடி கேபிளை அடைத்துக்கொள்ளும். அடுத்த முழு அளவு பிரேம் அதற்கு முன் வர வழியே இல்லை. ஆனால் மென்பொருள் பதிவில் அத்தகைய பிரேம்கள் ஒரு மைக்ரோ நொடி இடைவெளியில் கொத்தாக நிற்கும். பிறகு நீண்ட வெற்றிடம், மறுபடி ஒரு கொத்து. இந்த எண்களை நம்பினால் 1 ஜிகாபிட் கேபிளில் 12 ஜிகாபிட் ஓடியதாகக் கொள்ள வேண்டும். இடைவெளிகளை ஆராயும் எவரும் முதலில் செய்யவேண்டிய சோதனை இது. செலவு எதுவும் இல்லை.

வெளியே போகும் பாக்கெட்டில் நிலை தலைகீழ். டிரைவரிடம் ஒப்படைக்குமுன்பே முத்திரை விழுகிறது. கேபிளில் ஏறுவது பிறகு. ஆகவே போய்வரும் நேரத்தை ஒரே கணினியில் அளந்தால், புறப்பாடு முந்தியும் வருகை பிந்தியும் பதிவாகும். இரு பிழைகளும் அளவைக் கூட்டவே செய்கின்றன. ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தாலும் கூடுதல் அப்படியே நிற்கும். குறைந்தபட்ச மதிப்புதான் உண்மைக்கு நெருங்கி வரும். பெரிய தரவைத் துண்டாக்கும் வேலையைக் கார்டிடம் விட்டிருந்தால் நிலை இன்னும் மோசம். 64 கிலோபைட் கொண்ட ஒற்றைத் துண்டுக்கு ஒரே முத்திரை. 1 ஜிகாபிட் கேபிளிலோ அது 40-க்கும் மேற்பட்ட பிரேம்களாக அரை மில்லி நொடிக்கு மேல் ஓடும்.

நானோ நொடி வடிவத்துக்கு மாறினால் தீர்ந்தது என்பார்கள். 10 ஜிகாபிட் கேபிளில் மிகச்சிறிய பிரேம் 67.2 நானோ நொடிக்கு ஒன்று வீதம் வரலாம் என்பதால் அங்கே அந்த இலக்கங்கள் தேவைதான். ஆனால் முத்திரை விழும் இடம் மாறாதவரை பிரிதிறன் மட்டுமே கூடுகிறது, துல்லியம் கூடுவதில்லை. இடத்தை மாற்றுவது வன்பொருள் முத்திரை. ஐஇஇஇ 1588 நெறிமுறையை ஆதரிக்கும் கார்டுகள் பிரேமின் தொடக்கம் கேபிளைக் கடக்கும் கணத்தைக் குறிக்கின்றன. அங்கும் ஒரு கண்ணி உண்டு: கார்டின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் வேறு வேறு. இரண்டையும் ஒத்திசைக்காமல் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

ஒருவழித் தாமதத்தில் இந்தச் சிக்கல் இரு முனைகளுக்கும் பரவும். 1998-இலேயே ஆய்வாளர் வேர்ன் பாக்ஸன், கடிகாரங்கள் திடீரெனத் தாவுவதையும் மெல்ல விலகுவதையும் பதிவுகளைக் கொண்டே கண்டறியும் முறைகளை வகுத்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிவேக வணிகம் செய்யும் பங்குச்சந்தை நிறுவனங்கள், 2018 ஜனவரி 3 முதல், உலகப் பொது நேரத்திலிருந்து 100 மைக்ரோ நொடிக்கு மேல் விலகக் கூடாது. வணிகரிடம் சட்டம் கேட்கும் பிழை வரம்பை ஆய்வாளரிடம் இதழ்களும் கேட்கலாம்.

எல்லா ஆய்வுக்கும் இவ்வளவு கெடுபிடி வேண்டியதில்லை. லினக்ஸின் டிசிபியில் மறு அனுப்புதலுக்கான காத்திருப்பு இயல்பாகக் குறைந்தது 200 மில்லி நொடி. அதை ஆராய்பவருக்கு 50 மைக்ரோ நொடிப் பிழை பொருட்டல்ல. மைக்ரோ நொடிகளில் முடிவு சொல்பவர் மட்டும் முத்திரை விழுந்த இடம், இன்டரப்ட் காத்திருப்பு, துண்டாக்கும் வேலை யாரிடம் இருந்தது, கடிகாரம் எதனோடு ஒத்திசைந்தது ஆகியவற்றைக் கட்டுரையில் தர வேண்டும். வழக்கமான பீகேப் கோப்பில் இவற்றை எழுத இடமில்லை. பதிவின்போதே குறித்துக்கொள்ளாவிட்டால் பிறகு கோப்பிலிருந்து முழுமையாக மீட்க முடியாது.