நன்மை செய்யும் பூச்சி: ஒரு சொல்லின் வரலாறு

வாடகை வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். போன கோடையில் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக்கொண்டது. உரக்கடைக்காரர் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்து, 'இந்த மருந்த அடிங்க சார், ஒண்ணும் நிக்காது' என்றார். அடித்தேன். நிற்கவில்லைதான். வேளாண்மை படித்த நண்பர் பிறகு ஒருநாள் வந்தவர், உதிர்ந்து கிடந்தவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: 'இதுல பாதி மாவுப்பூச்சியே இல்லய்யா. அதத் தின்ன வந்த பொறிவண்டோட புழு.' அந்தப் புழுவும் வெள்ளை மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். கொஞ்சம் பெரிசு, வேகமாக ஊரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குச் செடிக்கு முன்னால் சொல்தான் உறுத்தும். கொல்வதற்கென்றே செய்த ஒன்றை நாம் ஏன் 'மருந்து' என்கிறோம்? 'வயலுக்கு மருந்தடிச்சேன்' என்கிற அதே வாய்தான் 'மருந்தக் குடிச்சிட்டான்' என்றும் சொல்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் அச்சொல்லின் பொருள் வெளியே வந்துவிடுகிறது. இதற்கு மாற்றாக முன்வைக்கப்படும் 'நன்மை செய்யும் பூச்சி' என்கிற சொல்லும் அப்பாவியானதல்ல. யாருக்கு நன்மை?

1780களின் இறுதியில் சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்கிற கம்பெனி மருத்துவர் கள்ளித்தோட்டம் போட்டார். கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்து, அதில் ஸ்பெயினுக்கு இருந்த ஏகபோகத்தை உடைக்க வேண்டும் என்பது கம்பெனியின் கனவு. 1795இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. வந்தது அசல் இல்லை, அதன் காட்டு உறவு. நல்ல சாயம் தரவில்லை. கள்ளியைத்தான் தின்று தீர்த்தது. லாபக் கணக்கில் தோற்ற அதே பூச்சியை 1836-38இல் தென்னிந்தியாவில் கள்ளியை ஒழிப்பதற்கென்றே கொண்டுவந்து விட்டார்கள். அது தொடாத சப்பாத்திக்கள்ளி வகைக்கு 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு இனம் வந்தது. சாயத்துக்குக் கள்ளி தேவைப்பட்டபோது கள்ளியைத் தின்றது குற்றம். நிலம் தேவைப்பட்டபோது அதுவே சேவை.

பாடப்புத்தகங்கள் இந்தத் துறையின் தொடக்கமாக வேறொரு கதையைச் சொல்லும். கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சுச் செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. 1888இல் ஆல்பர்ட் கோபெல் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். பூச்சியியலாளர்கள் அரசுச் செலவில் வெளிநாடு போகத் தடை இருந்ததால் மெல்பர்ன் கண்காட்சியின் பெயரில் பயணம். அவர் அனுப்பியதில் பிழைத்து வந்த 129 ரொடோலியா பொறிவண்டுகளைக் கூடாரம் போட்ட ஒரு மரத்தில் விட்டார்கள். 1890க்குள் தோட்டங்கள் மீண்டன. அதே வண்டு 1929இல் நீலகிரியின் சீகை மரங்களுக்கும் வந்தது. ஆனால் 1940களின் பின்பாதியில் கலிபோர்னியாக்காரர்கள் டி.டி.டி. அடித்தார்கள். வண்டு செத்தது, செதில்பூச்சி திரும்பி வந்தது. அரை நூற்றாண்டாகச் சம்பளமில்லாமல் வேலை செய்தவனை நான் மாடியில் கொன்ற மாதிரியே கொன்றிருக்கிறார்கள்.

நான் கொன்ற புழுவின் இனம் (கிரிப்டோலீமஸ்) ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. 1898இல் காப்பித் தோட்ட முதலாளிகளின் பச்சைச் செதில்பூச்சிக்காக இங்கே வந்து, அந்த வேலையில் சோபிக்காமல், மாவுப்பூச்சிகளைத் தின்று தங்கிவிட்டது. என் தொட்டிக்கும் ஒரு காலனிய வரலாறு இருக்கிறது!

அதற்காக இது முழுக்க முதலாளிகளின் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மரவள்ளி, மல்பெரி, பருத்தி எல்லாவற்றிலும் ஏறியது, மருந்து கேட்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவிகளை அரசு ஆய்வு நிறுவனம் தருவித்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி வயல் வயலாகத் தானே பரவிக் காப்பாற்றியது. தானே பெருகும் ஒன்றை ஒவ்வொரு போகத்துக்கும் விற்க முடியாது. பாட்டிலின் அரசியல் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் விற்கக் கற்றுக்கொண்டால் பூச்சியும் சரக்குதான். ஐரோப்பாவில் அசுவினிக்காக விற்கப்பட்ட ஆசியப் பொறிவண்டு தப்பிப் பரவி, 2004இல் பிரிட்டனையும் எட்டி, உள்ளூர்ப் பொறிவண்டுகளைக் குறைத்துவிட்டது. எனவே 'நண்பன்' என்று அட்டையில் எழுதியிருப்பதையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

இப்போது செம்பருத்தியில் நான் செய்வது ஒன்றுதான். எறும்பு ஏறாமல் தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் செங்கல் போட்டு அதன்மேல் வைத்திருக்கிறேன். தேன்போன்ற கழிவுக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்பதும் பொறிவண்டை விரட்டுவதும் எறும்புகள்தாம். மீதியை வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

போன வாரம் அதே கடைக்குப் போய், சோதித்துப் பார்க்க, 'பூச்சிக்கு விஷம் வேணும்' என்று கேட்டேன். கடைக்காரர் கையிலிருந்ததை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: 'வீட்ல ஏதும் பிரச்சினையா சார்?'